மக்கா அத்தியாயமும் பாலாற்றுப் பாலமும்

மால்கம் எக்ஸின் தன்வரலாற்றுக்குத் தமிழ் முஸ்லிம் வாசகரிடையே தனி மதிப்பு உண்டு. அவர் சொல்ல அலெக்ஸ் ஹேலி எழுதிய அந்நூல், 1965 பிப்ரவரி 21இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. நம் மேடைகளிலும் ஏடுகளிலும் அதிலிருந்து பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது மக்கா அத்தியாயமே. வெள்ளையர் அனைவரையும் சாத்தானின் இனமாகக் கருதியிருந்த ஒரு மனிதர், 1964ஆம் ஆண்டு ஹஜ்ஜில் வெள்ளை நிறத்தவரோடு ஒரே தட்டில் உண்டு, ஒரே விரிப்பில் உறங்கி, ஒரே இறைவனைத் தொழுது, உள்ளம் மாறிய வரலாறு அது. நெஞ்சைத் தொடும் பகுதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாலாற்றங்கரையில், பள்ளிகொண்டாவில் இருந்துகொண்டு அந்நூலை மறுபடியும் வாசிக்கையில், நம் வாசிப்பு முறையில் ஒரு குறை இருப்பதாகத் தோன்றுகிறது. நாம் அவ்வத்தியாயத்தை நமக்குக் கிடைத்த நற்சான்றாக வாசிக்கிறோம். மால்கமோ அதைத் தம் மேல் விழுந்த பொறுப்பாக எழுதியிருக்கிறார்.

ஹஜ் அனுபவத்தை விவரிக்கும் பக்கங்களில், நம் மேற்கோள்களில் அரிதாகவே இடம்பெறும் ஒரு பகுதி உண்டு. பெருந்திரளை உற்று நோக்கிய மால்கம், ஆப்பிரிக்கர் ஆப்பிரிக்கரோடும் பாகிஸ்தானியர் பாகிஸ்தானியரோடுமாக, ஒத்த சாயலினர் தாமாகவே கூடியிருந்ததைக் காண்கிறார். உயர்வு மனப்பான்மையோ தாழ்வு மனப்பான்மையோ இல்லாத இடத்தில் இயல்பாக நேரும் கூட்டு இது என்றும், திணிக்கப்பட்ட பிரிவினையினின்று வேறானது என்றும் விளக்கம் தருகிறார். நேர்மையான கவனிப்பு, ஆனால் விளக்கம் முழுமை பெறவில்லை. ஹாஜிகள் சில நாள்களில் ஊர் திரும்புகிறவர்கள். அவர்களுக்கிடையே பங்கிட வேண்டிய நிலம் இல்லை, பேச வேண்டிய கூலி இல்லை, இடுகாட்டுக்குச் செல்லும் வழியைப் பற்றிய வழக்கும் இல்லை. இவை மூன்றும் உள்ள ஓர் ஊரில், மக்கள் தாமாகவே பிரிந்து வாழ்கிறார்கள் என்னும் சொல்லை எளிதில் ஏற்பதற்கில்லை. ஊரும் சேரியும் தனித்தனியே இருப்பதற்கும் வழக்கம் என்றே பெயர் சொல்லப்படுகிறது. பிரிந்திருப்பவர் விரும்பினால் அடுத்த தெருவில் நடக்கவும் குடியேறவும் முடிகிறதா என்பதே இங்கு உரைகல்.

அவ்வுரைகல்லில் நம் வட்டாரத்தை உரசிப் பார்க்கலாம். பொதுச் சாலைகளும் தெருக்களும் கிணறுகளும் யாவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தது 1924இல். தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டனை விதிக்கும் நடுவண் சட்டம் 1955இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில்தான் அமெரிக்காவின் தென் மாநிலமான அலபாமாவில், மாண்ட்கோமரி நகரில், ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார். நம் சட்டம் 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயரும் மாறிற்று. இவ்வளவுக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில், ஆம்பூருக்கும் அப்பால் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், தலித் ஒருவரின் உடல் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கப்பட்டது. ஆற்றங்கரைக்குச் செல்லும் வழி ஆதிக்கச் சாதியினரின் நிலத்தில் வேலியிட்டு அடைக்கப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. மாவட்ட நிர்வாகம் வேறிடத்தில் நிலம் ஒதுக்க முன்வந்தபோது, தனி இடுகாடு தருவதே பிரிவினைக்கு ஒப்புதல் ஆகாதா என்னும் கேள்வியும் எழுந்தது. தனித்தனியே, ஆயினும் சமமாக என்னும் கோட்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிக்கூடங்களைப் பொறுத்து 1954இல் தள்ளிவிட்டது. நம் ஆற்றங்கரையில் அதுவே தீர்வாக வந்து நின்றது.

இது பிறர் சமயத்துச் சிக்கல், நம் தொழுகை வரிசையில் இதற்கு இடமில்லை என்று ஒரு முஸ்லிம் வாசகர் சொல்லக்கூடும். 1981இல் நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியதை நினைவூட்டி, வாசல் திறந்தே இருக்கிறது என்பதே நம் வழக்கமான மறுமொழி. திறந்திருப்பது உண்மை. ஆனால் உள்ளே வராதவர்க்கு நாம் பட்டிருக்கும் கடன் என்ன?

இதற்கு மால்கமின் வாழ்வே விடை தருகிறது. 1964 மார்ச்சில் முஸ்லிம்களுக்கெனப் பள்ளிவாசல் அமைப்பொன்றை நிறுவிய அவர், ஹஜ்ஜிலிருந்து மீண்ட பின் ஜூன் மாதத்தில் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒற்றுமை அமைப்பு என்னும் இன்னொன்றைத் தொடங்கினார். அதில் சேர்வதற்குக் கிறித்தவரும் எச்சமயமும் சாராதவரும் தம் நம்பிக்கையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. மக்காவில் கண்ட சமத்துவத்தை மார்க்கத்துக்கான அழைப்பாக மட்டும் அவர் நிறுத்திவிடவில்லை. தம் மார்க்கத்தை ஏற்காத அண்டை வீட்டாரின் உரிமைக்கான உழைப்பாகவும் அதனை ஆக்கினார். மக்கா அத்தியாயம் முடிவது மக்காவில் அன்று, அந்த ஜூன் மாதத்தில்தான்.

வேலூர் முதல் வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழிலில் இக்கேள்வி நம்மை நேராகவே தொடுகிறது. மற்றவர் தீட்டென ஒதுக்கிய தோலைத் தொட்டு, அதனை வணிகமாக்கியதில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. அதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி அலசியவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. தோலுக்குத் தீட்டில்லை என்று கண்ட நாம், தோல்ஷாப்பில் உழைத்தவரோடு எத்தனை பந்திகளில் ஒன்றாக அமர்ந்தோம்? வீடு வாடகைக்குக் கேட்டு வந்தவரிடம் எதையெல்லாம் விசாரித்தோம்? இடுகாட்டுக்கு வழி கேட்டு நின்றவர்களின் குறையை நம் ஜமாஅத் கூட்டங்களில் எத்தனை முறை பேசினோம்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையில் விளித்தது மனிதர் அனைவரையும். அவ்விளி தொழுகை வரிசையின் ஓரத்தில் நின்றுவிடுவதன்று. வேலியிட்ட பாதை வரையிலும், பாலத்தின் அடி வரையிலும் செல்வது. மால்கமின் மக்கா அத்தியாயத்தை அடுத்த முறை மேற்கோள் காட்டுமுன், ஊர் திரும்பி அவர் செய்தவற்றையும் சேர்த்து வாசிப்போமாக.