ஊவா மணமும் லேசர் எடுக்கும் மூலக்கூறுப் படமும்

ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலை தாண்டி வறண்டு வீசும் கச்சான் காற்று, பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களின் கொழுந்துக்குத் தனி மணம் ஏற்றுகிறது. ஊவாப் பருவத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கித் தந்தது அந்த மணம்தான். அதில் முன்னிற்பது மெதைல் சலிசிலேற்று. மூட்டுவலித் தைலத்தில் மணக்கும் அதே சேர்மம். இலைக்குள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும் அது, கொழுந்தை வாட்டி உருட்டும்போது விடுபடுகிறது.

இந்த மூலக்கூறுக்குள் ஓர் ஐதரசன் அணு இரண்டு ஒட்சிசன்களுக்கு நடுவே நிற்கிறது. புற ஊதா ஒளி பட்டால் ஒன்றை விட்டு மற்றதிடம் போய்விடும். அதற்கு 60 பெம்டோ செக்கன் கூட ஆகவில்லை என்று 1992இல் அகமது செவாயிலின் குழு அளந்து காட்டியது. (ஒரு செக்கனைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பெம்டோ செக்கன்.) ஆனால் அவர்கள் அறிந்தது நேரத்தை. ஐதரசன் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அந்த அளவீடு நேராகக் காட்டவில்லை.

லேசர் தூண்டும் இலத்திரன் கோணல் என்ற முறை இந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது. வலிய அகச்சிவப்பு லேசர் மூலக்கூறிலிருந்து ஓர் இலத்திரனைப் பிடுங்குகிறது. அலையின் திசை திரும்பியதும் அதே இலத்திரன் தாய் மூலக்கூறின் மீதே வந்து மோதிச் சிதறுகிறது. சிதறிய கோலத்திலிருந்து அணுக்களுக்கு இடையிலான தூரங்களைக் கணக்கிடலாம். போய்வருவதற்குப் பத்து பெம்டோ செக்கனுக்கும் குறைவான நேரமே ஆகிறது. 2012இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு, இலத்திரனை இழந்த ஒட்சிசன் மூலக்கூறின் பிணைப்பு சுமார் 5 பெம்டோ செக்கனில் 0.1 ஆங்ஸ்ட்ரம் சுருங்குவதைக் கண்டது. 2016இல் பார்சிலோனாவில் யென்ஸ் பீகெர்ட்டின் குழு, அசெட்டிலீனில் ஒரு காபன்–ஐதரசன் பிணைப்பு அறுவதையே படமெடுத்தது.

இந்த இரண்டாவது சாதனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒற்றை இலத்திரன் கொண்ட ஐதரசன் எக்ஸ் கதிருக்கு ஏறக்குறையப் புலப்படாது. திரும்பி வரும் இலத்திரனோ மெதுவானது. அதன் ஆற்றல் நூறு இலத்திரன் வோல்ட் என்ற அளவில் இருப்பதால் ஐதரசன் மீதும் அது தெளிவாகச் சிதறும்.

குறை அந்தச் சிறப்போடு கூடவே வருகிறது. படமெடுக்க இலத்திரனைப் பிடுங்கியே ஆக வேண்டும். ஆகவே நாம் பார்ப்பது முழு மூலக்கூறை அல்ல, அதன் அயனை. லேசர் புலமும் சும்மா இருப்பதில்லை. 60 காபன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ மூலக்கூறை அது நீட்டிவிடுவதை 2019இல் வந்த ஆய்வொன்று இதே முறையால் காட்டியது. செவாயில் அளந்த தாவல் நடந்தது கிளர்ச்சியுற்ற, மின்னேற்றமில்லாத மூலக்கூறில். அதே காட்சியை இந்த லேசர் மாறாமல் தரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு சிக்கல் கணக்கில். இரண்டு அணு என்றால் ஒரே தூரம். மெதைல் சலிசிலேற்றில் 19 அணுக்கள். சோடி சோடியாகப் பார்த்தால் 171 தூரங்கள், எல்லாம் ஒரே கோலத்தில் கலந்து கிடக்கும். பெருஞ்சீரகத்தில் உள்ள 27 அணு ஃபென்கோனின் அமைப்பை 2021இல் பீகெர்ட் குழு இயந்திரக் கற்றலால் மீட்டது. அரிய முன்னேற்றம்தான். ஆனாலும் கணினிக்குப் பயிற்சி தந்தவை கணித்து வைத்த அமைப்புகளே. அந்தத் தொகுப்பில் இல்லாத வடிவம் மூலக்கூறுக்கு இருந்தால் விடை வழுவும். அதை நேரடிப் புகைப்படம் என்று விளம்பரப்படுத்துவதை நான் ஏற்கவில்லை.

2005இல் தொடங்கிய பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் இத்தகைய லேசரை நிறுவுவது எளிதல்ல. ஆனால் முதல் கேள்விக்கு லேசரே தேவையில்லை. ஐதரசன் ஓர் ஒட்சிசனில் நிற்கும் அமைப்பு, மற்றதில் நிற்கும் அமைப்பு இரண்டுக்கும் சிதறல் கோலத்தைக் கணினியில் வரையலாம். அணு நகரும் தூரம் ஓர் ஆங்ஸ்ட்ரமுக்கும் குறைவு. 171 தூரங்களின் கலப்பில் அந்த வேறுபாடு அளவிடும் பிழையை மிஞ்சித் தெரியுமா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். தெரியாது என்று வந்தால், ஊவா மணத்தைப் பொறுத்தவரை இந்த முறை இன்னும் முதிரவில்லை என்று தயங்காமல் சொல்வேன்.