பழங்காலப் பின்னணித் திகில் படங்கள்: தேர்வும் மதிப்பீடும்

திகில் படங்களில் ஒரு தனி வகை உண்டு. கதை நம் காலத்தில் நடக்காது. நூறு, முந்நூறு, சில வேளைகளில் அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மாளிகையிலோ காட்டோரக் குடிசையிலோ நடக்கும். பேய் அடிக்கடி தலைகாட்டாது. மங்கிய விளக்கு, நீண்ட நடைவழி, மழை, காற்று, ஆளரவமற்ற வெளி ஆகியவை சேர்ந்து உண்டாக்கும் இறுக்கமே பார்ப்பவரை அச்சுறுத்தும். இத்தகைய படங்களைத் தேடுவோருக்கு இணையத்தில் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்பதைப் பட்டியல்கள் சொல்வதில்லை. இக்கட்டுரை அதற்கு ஓர் அளவுகோலை முன்வைத்து, சில படங்களை அதனால் அளந்து பார்க்கிறது. படங்களின் முடிவுகள் இங்கே சொல்லப்படவில்லை.

அளவுகோல்

ஒரு படத்தைப் பார்த்து முடித்ததும் கேட்க வேண்டிய கேள்வி இது: இதே கதையை இன்றைய நகர வீடு ஒன்றுக்கு மாற்றினால் அச்சம் மிஞ்சுமா? மிஞ்சும் என்றால், அந்தப் படத்தில் பழங்காலம் வெறும் உடையலங்காரம். மிஞ்சாது என்றால், அச்சத்தின் வேர் அந்தக் காலத்திலேயே இருக்கிறது. அக்கால மனிதர்கள் எதை நம்பினார்கள், எதை வாய்விட்டுப் பேச முடியாமல் இருந்தார்கள், யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள், இருட்டிய பின் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிந்தது என்பவற்றிலிருந்து அச்சம் பிறக்கும். நல்ல படங்கள் இந்த இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை.

பேசக்கூடாதவை: 'தி இன்னசென்ட்ஸ்'

ஜாக் கிளேட்டன் 1961இல் இயக்கிய பிரிட்டிஷ் படம். ஹென்றி ஜேம்ஸ் 1898இல் வெளியிட்ட 'தி டர்ன் ஆஃப் தி ஸ்குரூ' என்ற குறுநாவல் இதன் மூலம். தாய் தந்தையை இழந்த மைல்ஸ், ஃப்ளோரா என்ற இரு குழந்தைகளைக் கவனிக்க, நாட்டுப்புற மாளிகை ஒன்றுக்கு மிஸ் கிடென்ஸ் என்ற ஆசிரியை வருகிறார். டெபோரா கெர் இந்த வேடத்தில் நடித்தார். குழந்தைகளின் காப்பாளரான உறவினர் முழு அதிகாரத்தையும் ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். தம்மை எதற்கும் தொந்தரவு செய்யக்கூடாது என்பதே அவருடைய விருப்பம். இறந்துபோன பணியாள் ஒருவனும் முன்பிருந்த ஆசிரியையும் அந்த வீட்டில் இன்னும் உலவுவதாகக் கிடென்ஸ் நம்பத் தொடங்குகிறார். உருவங்கள் உண்மையில் வருகின்றனவா, அவருடைய மனம் உண்டாக்குகின்றனவா என்பதைப் படம் கடைசிவரை தீர்த்துச் சொல்வதில்லை.

ஆசிரியப் பணியில் இருந்தவர்களை ஓர் இடம் குறிப்பாக உறுத்தும். மைல்ஸைப் பள்ளியிலிருந்து நீக்கியதாகக் கடிதம் வருகிறது. அவன் மற்ற மாணவர்களுக்குக் கேடு என்பதற்கு மேல் விளக்கம் இல்லை. சிறுவன் என்ன செய்தான், அவனுக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் பள்ளியிடம் கேட்பதில்லை. விக்டோரியா காலத்து ஒழுக்கம் சில செய்திகளை வாயில் எடுக்கவே விடாது. வீட்டை நிர்வகிக்கும் அம்மாள் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார். மீதியைக் கிடென்ஸ் தம் அச்சத்தால் நிரப்பிக்கொள்வார். பெரியவர்களின் மௌனத்துக்கும், தாம் நினைப்பதே சரி என்ற உறுதிக்கும் குழந்தைகள் கொடுக்கும் விலையே இந்தப் படத்தின் திகில்.

ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸின் பணியும் இதையே சொல்கிறது. தயாரிப்பு நிறுவனம் அகலத்திரையில்தான் எடுக்க வேண்டும் என்று கேட்டது. அகலமான சட்டகம் இருவர் மட்டும் நிற்கும் காட்சிக்கு அதிகம். ஆகவே ஃபிரான்சிஸ் வடிகட்டிக் கண்ணாடிகளின் ஓரங்களில் வண்ணம் பூசி, படத்தின் இரு பக்கங்களையும் இருளச் செய்தார். மெழுகுவர்த்தி ஏந்திக் கிடென்ஸ் நடக்கும்போது நடுவில் மட்டும் வெளிச்சம் இருக்கும். நம் கண் தானாகவே ஓரத்து இருட்டைத் துழாவும். அதே சமயம் படத்தின் மிக அச்சமூட்டும் உருவம் பகலில்தான் தோன்றுகிறது. ஏரிக்கு அக்கரையில், நாணல்களுக்கு நடுவே, கறுப்புடையில் ஒரு பெண் சும்மா நிற்கிறாள். அவ்வளவுதான்.

சந்தேகத்தின் காலம்: 'தி விட்ச்'

ராபர்ட் எகர்ஸின் முதல் முழுநீளப் படம் (2015). களம் 1630களின் நியூ இங்கிலாந்து. மத விவகாரத்தில் ஊராரோடு முரண்பட்ட ஒரு பியூரிட்டன் குடும்பம் குடியேற்ற ஊரைவிட்டு வெளியேறிக் காட்டோரத்தில் குடிசை போடுகிறது. மூத்த மகள் தாமசின் கண்ணைப் பொத்தி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கைக்குழந்தை காணாமல் போகிறது. சோளம் அழுகுகிறது. தாயின் வெள்ளிக் கிண்ணத்தைத் தந்தை யாரிடமும் சொல்லாமல் விற்றுவிடுகிறார். பழி மகள்மேல் விழும்போதும் வாய் திறப்பதில்லை. 'சூனியக்காரி' என்ற சொல் அந்த வீட்டுக்குள் நுழைய இத்தனையும் போதுமானதாகிறது.

பகல் காட்சிகள் இயற்கை வெளிச்சத்திலும், இரவுக் காட்சிகள் பெரும்பாலும் மெழுகுவர்த்தி, தீ ஆகியவற்றின் வெளிச்சத்திலும் எடுக்கப்பட்டன. உரையாடலில் பெரும்பகுதி அக்கால நாட்குறிப்புகள், நீதிமன்றப் பதிவுகள் போன்றவற்றிலிருந்து பெறப்பட்டது என்று படமே இறுதியில் தெரிவிக்கிறது. கேட்கப் பழகச் சிறிது நேரம் ஆகும். ஆனால் பாவம், நரகம் என்பவை அவர்களுக்கு உவமை அல்ல, வானிலை போல அன்றாட உண்மை என்பது அந்தப் பேச்சிலிருந்தே புரியும்.

இங்கே ஒரு கடினமான கேள்வியும் எழுகிறது. கதைக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, அதே வட்டாரத்தில், 1692இல் தொடங்கிய சேலம் வழக்குகளில் 19 பேர் சூனியக் குற்றம் சாட்டித் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உண்மையில் அவர்கள் குற்றமற்றவர்கள். படமோ தொடக்கத்திலேயே காட்டுக்குள் ஒரு சூனியக்காரியைக் கண்முன் காட்டிவிடுகிறது. அப்படியானால் குற்றம் சாட்டியவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடாதா? அக்கால மனிதரின் கண்ணால் உலகைக் காட்டுகிறோம் என்பது இதற்குச் சொல்லக்கூடிய சமாதானம். அது முழுமையாகப் போதவில்லை. அந்த ஒரு காட்சி இல்லாமல் இருந்தால் தாமசின்மேல் நமக்கும் சந்தேகம் வந்திருக்கும். நாமும் அந்தக் குடும்பத்தாரைப் போலவே தவறு செய்திருப்போம். அந்த வாய்ப்பைப் படம் இழந்துவிடுகிறது. ஆனாலும் குடும்பத்தைச் சிதைப்பது வெளியே உள்ள சூனியக்காரி மட்டுமல்ல, உள்ளே உள்ள பொய்களும்தான் என்பதைப் படம் தெளிவாகக் காட்டுகிறது. அதனால்தான் குறையோடும் இது முக்கியமான படமாக நிற்கிறது.

பசியின் காலம்: 'ஒனிபாபா'

கனேட்டோ ஷிண்டோ 1964இல் இயக்கிய ஜப்பானியக் கறுப்பு வெள்ளைப் படம். பதினான்காம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலம். ஆளுயர நாணற்காட்டில் ஒரு மாமியாரும் மருமகளும் வாழ்கிறார்கள். வழிதவறி வரும் வீரர்களைக் கொன்று ஆழ்குழியில் தள்ளி, கவசங்களை விற்றுத் தினை வாங்குவது அவர்கள் பிழைப்பு. போருக்குப் போன மகன் திரும்பவில்லை. மருமகள் வேறொருவனை நாடினால் கிழவி தனியாகப் பட்டினி கிடக்க வேண்டியதுதான். அவளைத் தடுக்கக் கிழவி ஒரு பேய்முகமூடியை அணிகிறாள்.

இதில் பெரிய மாளிகை இல்லை, அரண்மனை இல்லை. காற்றில் ஓயாமல் அசையும் நாணலும், திடீரென ஒலிக்கும் முரசும்தான் சூழல். பேயைவிடப் பசி பெரிது என்பதைச் சொல்லும் படம் இது. ஷிண்டோ ஹிரோஷிமா பகுதியில் பிறந்தவர். 1952இல் 'ஹிரோஷிமாவின் குழந்தைகள்' என்ற படத்தை எடுத்தவர். போர் எளிய மக்களை என்னவாக்கும் என்ற கேள்வி இரண்டிலும் தொடர்கிறது. உடலுறவையும் கொலையையும் வெளிப்படையாகக் காட்டுவதால் இது வயது வந்தோருக்கு மட்டுமான படம்.

இந்தியப் படங்கள்

ராஹி அனில் பார்வே இயக்கிய 'தும்பாட்' (2018) மகாராஷ்டிரத்தில் 1918இல் தொடங்கி 1947இல் முடிகிறது. பல மழைக்காலங்கள் காத்திருந்து எடுத்த படம். ஓயாத மழையும், பாசி படிந்த பழைய வாடாவும் பாத்திரங்களாகவே மாறிவிடுகின்றன. தங்க நாணயத்தின் மேலுள்ள ஆசை தந்தையிடமிருந்து மகனுக்கு எப்படிப் போகிறது என்பதே கதை. ஹஸ்தர் என்ற தெய்வம் படத்துக்காகக் கற்பனை செய்யப்பட்டது. புராணத்தில் தேட வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே அந்தக் கதையை முழுவதும் விளக்கிவிடுவது படத்தின் குறை. நாமே இறங்கிக் கண்டுபிடித்திருந்தால் கிணறு இன்னும் ஆழமாக இருந்திருக்கும்.

ராகுல் சதாசிவன் இயக்கிய மலையாளப் படம் 'பிரமயுகம்' (2024) பதினேழாம் நூற்றாண்டில் நடப்பது. முழுவதும் கறுப்பு வெள்ளை. தப்பியோடி வரும் ஒரு பாணன், பாழடைந்த மனை ஒன்றில் அடைக்கலம் பெறுகிறான். மம்மூட்டி நடித்த வீட்டுத்தலைவர், தாழ்ந்த சாதியாகக் கருதப்பட்ட அவனைத் தம் எதிரே அமரச் சொல்கிறார். அந்த உபசரிப்பே முதல் அச்சம். வள்ளல் முன் பாடிப் பரிசில் பெற்ற பாணர்களைச் சங்க இலக்கியத்தில் படித்த தமிழ் மாணவருக்கு, பாட்டுக்குப் பரிசாகச் சிறை கிடைக்கும் இந்தக் கதை கூடுதலாகப் பொருள் தரும்.

அளவுகோலில் தவறுபவை

கில்லர்மோ டெல் டோரோவின் 'கிரிம்சன் பீக்' (2015) கண்ணுக்கு விருந்து. செம்மண் கசியும் மாளிகையின் ஒவ்வொரு படிக்கட்டும் அழகு. ஆனால் அழகை வியக்கும் கண்ணுக்கு அஞ்ச நேரம் கிடைப்பதில்லை.

சூசன் ஹில்லின் 'தி வுமன் இன் பிளாக்' நாவலின் இரு வடிவங்களை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 2012இல் வந்த திரைப்படத்தில் பொம்மைகளும் மெழுகுவர்த்திகளும் ஏராளம். அச்சத்துக்கு அது பெரிதும் நம்புவது திடீர்ச் சத்தத்தை. ஹெர்பர்ட் வைஸ் 1989இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக எடுத்த வடிவத்தில் செலவு குறைவு. சதுப்பு நிலத்தில் பகல் வெளிச்சத்தில் ஒரு பெண் நிற்பாள். மூடுபனிக்குள் எப்போதோ நடந்த விபத்தின் ஓசை மீண்டும் மீண்டும் கேட்கும். திடுக்கிடுதல் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். இந்த ஓசை தீராது.

எதிலிருந்து தொடங்கலாம்?

புதியவர்கள் அலெஹாந்த்ரோ அமெனாபாரின் 'தி அதர்ஸ்' (2001) படத்திலிருந்து தொடங்கலாம். 1945இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்து மீண்ட ஜெர்சி தீவில் நடப்பது. வெளிச்சம் ஒவ்வாத இரு குழந்தைகளுக்காக ஒரு தாய் எல்லாத் திரைகளையும் மூடியே வைக்கிறாள். ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்ததைத் திறப்பதில்லை. எளிதில் பின்தொடரலாம். அடுத்து 'தி இன்னசென்ட்ஸ்' பார்த்தால், பின்னது முன்னதற்கு எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறது என்பது தெரியும். பிறகு 'தும்பாட்', 'பிரமயுகம்', 'தி விட்ச்', கடைசியாக 'ஒனிபாபா'.

கைபேசித் திரையில், வெளிச்சமான அறையில், இவற்றைத் துண்டு துண்டாகப் பார்ப்பதில் பயனில்லை. ஓரத்து இருட்டுக்காகவே எடுக்கப்பட்ட காட்சிகள் அப்போது வெறும் கறுப்பாகத்தான் தெரியும். விளக்கை அணைத்து, ஒரே அமர்வில் பாருங்கள். முடிந்ததும், அந்த வீட்டில் வாய் திறக்க முடியாமல் இருந்தவர் யார், அவரைத் தடுத்தது எது என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். படம் நல்லதாக இருந்தால் விடை பேயிடம் போய் நிற்காது.