முகிற் கணிமை ஆய்வுகளில் வளமும் பாதுகாப்பும்: ஒரு விமர்சன நோக்கு

முகிற் கணிமை என்பது, தத்தம் அலுவலகங்களிற் கணினிகளை வைத்துப் பேணாது, தொலைவிலுள்ள தரவு நிலையங்களின் கணிப்பு வலுவையும் களஞ்சிய வசதியையும் வலையமைப்பின் வழியே வேண்டியபோது வேண்டிய அளவுக்கு வாடகைக்குப் பெறும் முறையாகும். இத்துறை பற்றி வெளிவந்த ஆய்வுகளை ஒருசேர வைத்து நோக்குவோர்க்கு, அவை இரு பெரும் பிரிவுகளாக நிற்பது முதலிற் புலனாகும். ஒன்று வள முகாமைத்துவம் பற்றியது. எந்த வேலையை எந்தப் பொறியில் ஏற்றுவது, குறைந்த பொறிகளைக் கொண்டு கூடிய வேலையைச் செய்விப்பது எவ்வாறு, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது எவ்வாறு என்பன இதன் வினாக்கள். மற்றையது பாதுகாப்புப் பற்றியது. தரவு திருடப்படுவதும் அழிக்கப்படுவதும் அவற்றைத் தடுக்கும் வழிகளும் இதன் பொருள். இவ்விரு பிரிவினர்க்கும் தனித்தனி மாநாடுகள், தனித்தனிச் சஞ்சிகைகள், தனித்தனி அளவுகோல்கள் உண்டு. இப்பிரிவினை இயல்பானதன்று என்பதும், அது மறைத்துவிடும் ஒரு வினா உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

வரலாற்று நிலையில் நோக்கின், இவை இரண்டும் ஒரே வயிற்றிற் பிறந்தவை. 1960 களில் ஒரு பெருங் கணினியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறை தோன்றியபோது, கணிப்பு வலுவும் மின்சாரம் போன்று ஒரு பொதுப் பயன்பாட்டுச் சேவையாகலாம் என 1961 இல் ஜோன் மக்கார்த்தி எடுத்துரைத்தார். அக்கனவு வளர்ந்துகொண்டிருந்த அதே பத்தாண்டிலேயே, பலர் பகிரும் பொறியில் ஒருவர் தரவை மற்றவரிடமிருந்து காப்பது எவ்வாறு என்ற வினாவும் எழுந்தது. வில்லிஸ் வெயர் 1967 இல் இதனை ஒரு கணினி மாநாட்டில் வெளிப்படையாகப் பேசினார். அவர் தலைமையில் ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்காக 1970 இல் ஆக்கப்பட்ட அறிக்கை, வளங்களைப் பகிரும் முறைமைகளின் வருகையே பாதுகாப்புப் பிரச்சினைக்குப் புதியதொரு பரிமாணத்தைக் கொடுத்தது என்ற நிலையிலிருந்தே தொடங்குகிறது. மூன்றாண்டுகளின் பின் பட்லர் லாம்ப்சன் எழுதிய சிறு குறிப்பொன்று இன்னும் ஆழமானது. இன்னொருவரின் தரவைக் கையாள ஏற்றுக்கொண்ட ஒரு செய்நிரல், தான் பயன்படுத்தும் வளத்தைக் கூட்டியும் குறைத்தும் இரகசியத்தை வெளியே கடத்தலாம் என்றும், பயன்பாட்டுக்காக அனுப்பப்படும் கட்டணச் சிட்டையே அதற்கொரு வாயிலாகலாம் என்றும் அவர் காட்டினார். வளத்தை அளந்து பங்கிடும் பொறிமுறையே தகவல் கசியும் துவாரமாகலாம் என்ற உண்மை, இவ்வாறு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கூறப்பட்டுவிட்டது.

இப்பின்னணியில் வைத்துப் படிக்கும்போதுதான் முகிற் கணிமையின் தோற்றுவாய் நூல்களாகக் கொள்ளப்படுவனவற்றின் மௌனம் நமக்கு உறைக்கிறது. 2009 பெப்ரவரியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்திலிருந்து ஆம்பிரஸ்ற் முதலியோர் வெளியிட்ட அறிக்கை, இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவனவற்றுள் ஒன்று. அதன் தெளிவும் பொருளியல் நோக்கும் பாராட்டத்தக்கவை. தேவைக்கேற்பக் கிடைக்கும் எல்லையற்ற வளம் என்பது ஒரு தோற்றமே என அவ்வறிக்கை தானே ஒப்புக்கொள்கிறது. ஆயின் முகிற் கணிமையின் வளர்ச்சிக்குத் தடையாகவுள்ள பத்தினை அது வரிசைப்படுத்துமிடத்து, தரவின் இரகசியத்தன்மை ஓரிடத்திலும், பொறியின் செயற்றிறன் முன்கூட்டிக் கணிக்க முடியாதவாறு ஏறி இறங்குவது வேறோரிடத்திலும் வைக்கப்பட்டுள்ளன. பின்னதற்குக் காரணம், ஒரே பொறியில் ஏற்றப்பட்ட அயலவரின் வேலை நமது வேலையை இடித்து நெருக்குவது. முன்னதற்கும் முக்கியமான ஒரு காரணம் அவ்வயலவரே. ஒரு நோயின் இரு அறிகுறிகள் இரு நோய்களாக எண்ணப்பட்டன. இவ்வறிக்கையை ஆக்கிய ஆய்வுகூடம் கூகிள், மைக்ரோசொப்ட், சண் ஆகிய நிறுவனங்களின் நிதியுதவியுடன் நிறுவப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. எனினும் எந்த வினா முன்னிற்கும், எது பின்தள்ளப்படும் என்பதை அத்தகைய சூழல் ஓரளவு தீர்மானிக்கவே செய்யும்.

2011 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழினுட்ப நிறுவகம் வெளியிட்ட வரைவிலக்கணமும் இவ்வகையினதே. வளங்களை ஒரே தொகுதியாகத் திரட்டிப் பலருக்கும் பங்கிடுதல், விரைந்து விரிந்து சுருங்குதல், பயன்பாட்டை அளத்தல் என்பன அது கூறும் ஐந்து அடிப்படைப் பண்புகளுட் சில. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காத்தல் அவ்வைந்தினுள் இடம்பெறவில்லை.

மௌனத்தைக் கலைத்தவர்கள் 2009 இலேயே வந்தனர். ரிஸ்டன்பார்ட், துரோமர், ஷாச்சம், சாவேஜ் ஆகிய நால்வரும் அமேசனின் வாடகைக் கணினிச் சேவையை ஆராய்ந்து, சில டொலர்களைச் செலவிட்டால், இலக்காகக் கொண்ட வாடிக்கையாளரின் மெய்நிகர்ப் பொறி இயங்கும் அதே சேவையகத்தில் தமது பொறியையும் அமர்த்துவதற்கு 40 சதவீத வாய்ப்பு உண்டெனக் காட்டினர். அயலில் அமர்ந்தபின், இருவரும் பகிரும் பதுக்கு நினைவகத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு அடுத்த வீட்டில் நடப்பதை ஊகிக்கலாம். பூட்டு எதுவும் உடைக்கப்படவில்லை. பொறிகளைச் சிக்கனமாக நிரப்பும் பங்கீட்டு முறையே தாக்குவோனுக்கு வழிகாட்டியாயிற்று.

இவ்வாய்வு முன்வைத்த பரிகாரமும் ஆராயத்தக்கது. முழுச் சேவையகத்தையும் தனக்கெனக் கேட்டுப்பெறும் உரிமையை வாடிக்கையாளருக்கு வழங்கலாம். அதனால் வீணாகும் வளத்தின் விலையை அவரே செலுத்தட்டும் என்பது அதன் சாரம். 2011 இல் அமேசன் மேலதிகக் கட்டணத்துக்கு அத்தகைய தனிப்பொறிச் சேவையைத் தொடங்கியது. தொழினுட்ப நோக்கில் இது நேர்மையான தீர்வே. சமூக நோக்கில் இதன் பொருள் யாது? பாதுகாப்பு எல்லார்க்கும் உரியதோர் அடிப்படைப் பண்பாக அன்றி, விலை கொடுக்க வல்லவர் தனியே வாங்கும் பண்டமாயிற்று. பகிர்வதால் வரும் இலாபத்திற் பெரும்பகுதி உடைமையாளருக்கு. பகிர்வதால் வரும் ஆபத்து, தனிச்சுவர் வாங்க வசதியற்றவருக்கு. ஆங்கில ஆய்வுகள் இவ்வாடிக்கையாளரைக் குறிக்க நிலச் சொந்தக்காரர் உறவிலிருந்து ‘குடிவாரம்’ சார்ந்த சொல்லையே கடன் வாங்கியுள்ளன என்பது சுவையான செய்தி. சொல் வந்தது, குடியிருப்போரைக் காக்கும் சட்டங்கள் உடன் வரவில்லை.

சிக்கனம் பொய்யென்பது நமது வாதமன்று. பகிர்வின் பயன் மெய்யானது. டெலிமிற்று, கொசிராக்கிஸ் ஆகியோர் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், ருவிற்றர் நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான சேவையகங்களை ஒரு மாத காலம் நோக்கியபோது, ஒதுக்கப்பட்ட முறைவழி வலு 80 சதவீதம் வரை எட்டியிருந்தும், உண்மையிற் பயன்பட்டது 20 சதவீதத்துக்கும் குறைவே எனக் கூறப்பட்டது. கூகிளின் உள்ளக முகாமைத்துவ முறைமை பற்றிய 2015 ஆம் ஆண்டுக் கட்டுரை, முதன்மை வேலைகளையும் ஏனைய வேலைகளையும் வெவ்வேறு பொறிகளிற் பிரித்துவைத்தால், நடுத்தரத் தொகுதியொன்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கூடுதற் பொறிகள் தேவைப்படும் எனக் கணிக்கிறது. அக்கட்டுரையே, தமது நிறுவனத்து வேலைகளை இலேசான தடுப்புகளுடன் ஒருங்கே ஓடவிட்டு, வெளியார் மென்பொருளை மெய்நிகர்ப் பொறிகளுக்குள் அடைத்து இயக்குவதாகவும் கூறுகிறது. நம்பிக்கை எங்கே முடிகிறதோ அங்கே சிக்கனமும் முடிகிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. ஆயினும் இவ்விரு செய்திகளும் அக்கட்டுரையில் வெவ்வேறு பகுதிகளிற் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு வாசகனுக்கு விடப்பட்டுள்ளது.

வள முகாமைத்துவ ஆய்வுகளின் பெருந்தொகுதி இத்தகைய மெய்யான தரவிலிருந்தும் எழுவதில்லை என்பதே பெருங் குறை. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் ராஜ்குமார் புயாவின் குழுவினர் ஆக்கிய போலச்செய் மென்பொருள் 2009 இல் அறிமுகமாகி, 2011 இல் விரிவாக வெளியிடப்பட்டது. தரவு நிலையம் எதுவும் இல்லாதவரும் பங்கீட்டு விதிகளைச் சோதிக்க அது வழி செய்தது. வசதி குறைந்த நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கு அது செய்த உதவியைச் சிறிதாக எண்ணலாகாது. ஆயின் அதன் வசதியே ஒரு வழக்கத்தையும் வளர்த்துவிட்டது. புதிய பங்கீட்டு விதி ஒன்று. பழைய விதிகள் இரண்டு மூன்று. இத்தனை சதவீதம் மேம்பாடு எனக் காட்டும் வரைபடங்கள் சில. இவ்வச்சிற் கட்டுரைகள் வார்க்கப்படுகின்றன. அவ்வுலகில் வேலை என்பது ஓர் எண். பதுக்கு நினைவகம் இல்லை. அயலவனுக்கு நோக்கம் இல்லை. எவரும் எதனையும் திருடுவதில்லை. பகைவன் இல்லாத உலகிற் பங்கிட்ட வளத்தைக் கொண்டு பகைவன் உள்ள உலகுக்கு விதி கூறுவது எங்ஙனம்? மெய்யான தரவுக்கோ ஆய்வாளர் உடைமையாளரின் கையையே எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. கூகிள் 2011 இல் வெளியிட்ட 29 நாட் பதிவு ஏறத்தாழ 12,500 பொறிகளைப் பற்றியது. அதிலும் பெயர்கள் மறைக்கப்பட்டு, அளவுகள் சார்பளவுகளாக மாற்றப்பட்டே கிடைத்தன.

இரு பிரிவுகளுக்கும் இடையிலுள்ள வேலியைத் தாண்டிய ஆய்வுகளிற் சிறந்ததாக நாம் கருதுவது, மேற்சொன்ன டெலிமிற்று, கொசிராக்கிஸ் ஆகியோரே 2017 இல் வெளியிட்டதாகும். ஒன்றையொன்று இடிக்காத வேலைகளைத் தேர்ந்து ஒரே பொறியில் ஏற்றுவதற்காக, வேலைகளின் இயல்பைக் குறிகளாற் கணிக்கும் முறையை இவர்கள் முன்னர் வகுத்திருந்தனர். அத்தகைய தரவகழ்வு நுட்பத்தைத் தாக்குவோன் கையிற் கொடுத்தால் என்னவாகும் என்பதே இவ்வாய்வின் வினா. பகிரும் வளங்களில் உணரப்படும் நெருக்கத்தை மட்டும் கொண்டு, இரண்டு முதல் ஐந்து செக்கன்களுள், 436 வேலைகளில் 385 இன் இயல்பு சரியாக இனங்காணப்பட்டது. தடுப்புகளைக் கூட்டினால் துல்லியம் குறைந்தது, ஒழியவில்லை. ஒரே கருவை அந்நியர் பகிராதவாறு செய்தாலன்றி முழுத் தீர்வில்லை. அவ்வாறு செய்தால் சிக்கனம் பெரிதும் குன்றும் என அவர்கள் ஒளிக்காது கூறினர். சிக்கனத்துக்கு ஆக்கிய கருவியே வேவுக்கும் கருவியாகும் என்பதைத் தாமே எடுத்துக்காட்டிய இந்நேர்மை, துறையில் அரிதாகவே காணப்படுவது.

தொழில் உலகம் இவ்வுண்மையை அடிபட்டுக் கற்றது. வெவ்வேறு மெய்நிகர்ப் பொறிகளில் ஒரேமாதிரியிருக்கும் நினைவகப் பக்கங்களை ஒன்றாக்கி இடம் மிச்சம் பிடிப்பது ஒரு காலத்தில் வள முகாமைத்துவத்தின் பெருமைக்குரிய நுட்பம். அப்பகிர்வின் வழியே மறைகுறியீட்டுச் சாவிகளை அறியலாம் என ஆய்வாளர் காட்டியதும், வி.எம்.வெயர் நிறுவனம் 2014 ஒக்டோபரில், பொறிகளுக்கிடையிலான அவ்வசதியை இயல்புநிலையில் நிறுத்துவதாக அறிவித்தது. 2018 இல் முறைவழியாக்கிகளின் வேகத்துக்கான உத்திகளே ஓட்டைகள் எனத் தொடர்ந்து வெளிப்பட்டபோது, ஒரே கருவில் இரு வேலைகளை ஒருங்கே ஓடவிடும் வசதியையும் சில சூழல்களில் நிறுத்த நேர்ந்தது. 2020 இல் அமேசன் பொறியியலாளர் தமது சிறு மெய்நிகர்ப் பொறி பற்றி எழுதிய கட்டுரையில், வன்மையான பிரிப்பையும் குறைந்த வளச் செலவையும் ஒரே பிரச்சினையாகக் கொண்டு விவாதித்தமை இவ்வனுபவத்தின் பேறு எனலாம்.

இவையெல்லாம் பெருந்தேசங்களின் பெருங்கம்பனிகளைப் பற்றிய கதைகள் என நாம் ஒதுங்கிவிட முடியாது. 2023 ஓகஸ்ட் 26 இல் இலங்கை அரசாங்க முகில் கப்பம் கோரும் தீநிரலொன்றினாற் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகளில் அவ்வாண்டு மே 17 முதல் அன்று வரையிலான தரவு இழக்கப்பட்டது. காப்புப் பிரதிகளும் அதே முறைமையுடன் இணைந்திருந்தமையால் அவையும் பூட்டப்பட்டன. பயன்பாட்டிலிருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு; ஆக்கிய நிறுவனம் அதற்கான ஆதரவை நான்கு மாதங்களுக்கு முன்னரே நிறுத்தியிருந்தது. 2021 இலிருந்தே புதுப்பிக்கத் திட்டமிடப்பட்டும், நிதிப் பற்றாக்குறையாலும் சில பணிப்பாளர் சபைத் தீர்மானங்களாலும் அது தாமதமாயிற்று என்பது பொறுப்பான முகவராண்மையின் விளக்கம். இங்கு எந்த அயலவனும் பதுக்கு நினைவகத்தை உற்றுக் கேட்கவில்லை. ஆயின் நிகழ்ந்தது பாதுகாப்பின் தோல்வியா, வள முகாமைத்துவத்தின் தோல்வியா எனக் கேட்டாற் பிரித்துக் கூற இயலாது. எதற்குப் பணம் ஒதுக்குவது, காப்புப் பிரதியை எங்கு வைப்பது என்ற பங்கீட்டுத் தீர்மானங்களே இங்குப் பாதுகாப்புத் தீர்மானங்களாயின. போலச்செய் மென்பொருளின் வரைபடங்களில் இதற்கு இடமில்லை. மறைகுறியீட்டியல் மாநாடுகளிலும் இல்லை.

செல்வம் படைத்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2025 செப்ரெம்பர் 26 இல் தென்கொரியாவின் டேஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையம் தீக்கிரையானபோது, அரச ஊழியரின் பொதுக் களஞ்சியத்திலிருந்த 858 ரெராபைற்று அளவிலான ஆவணங்கள் மீளப்பெற முடியாதவாறு அழிந்தன. கொள்ளளவு மிகப் பெரிது என்பதனால் அக்களஞ்சியத்துக்கு வெளியிடத்துக் காப்புப் பிரதி எடுக்கப்பட்டிருக்கவில்லை.