நோயுற்ற மருத்துவரின் நூல்

நீரிழிவைப் பற்றி மருத்துவர்கள் எழுதிய நூல்கள் பல. அந்நோயைத் தம் உடலில் சுமந்த மருத்துவர் எழுதியவை மிகச் சில. அவற்றுள் தலைசிறந்தது, ஆர். டி. லாரன்சு 1925-இல் வெளியிட்ட 'தி டயபெட்டிக் லைப்' என்னும் ஆங்கில நூல். சாவை எதிர்நோக்கி இத்தாலியின் பிளாரன்சு நகரில் தங்கியிருந்த அவர், 1923-இல் இன்சுலின் கிடைத்தது என்ற தந்தி கண்டு இலண்டன் மீண்டு உயிர் பிழைத்தவர்.

உணவை அளந்துண்ண லாரன்சு வகுத்த முறையே அவர்தம் கற்பிக்கும் திறனுக்குச் சான்று. கருங்கூறு ஒன்றில் மாவுச்சத்து 10 கிராம். செங்கூறு ஒன்றில் புரதம் 7.5 கிராம், கொழுப்பு 9 கிராம். வேதியியல் அறியாதாரும் நிறத்தை நோக்கி ஓர் உணவுக்கு ஈடாக மற்றொன்றைக் கொள்ளலாம். ஆசிரியத் தொழில் புரிவோர் இவ்வெளிமையை எண்ணி வியப்பர். உணவு வகைகளோ ஆங்கிலேயர் உண்பவை. சோறுண்போர்க்கு முறை பயன்படும், பட்டியல் பயன்படாது.

எனினும், எத்துணைத் தெளிந்த நூலும் நோயாளரிடம் பேசுமேயன்றி, அவர் பேசக் கேளாது. நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து நடுங்கியவர்க்கு, அவ்வாறே நடுங்கிய மற்றொருவரின் சொல் தரும் தெம்பை எந்தப் பட்டியல் தரும்? லாரன்சும் இதனை உணர்ந்தார் போலும். தம்மிடம் மருத்துவம் பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்சுடன் கூடி, 1934-இல் நீரிழிவாளர் சங்கத்தை நிறுவினார். செல்வரும் வறியரும் ஒருங்கே சேர்ந்து ஒருவர்க்கொருவர் துணையாதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. 'டயபடீஸ் யூகே' என்னும் பெயரில் அச்சங்கம் இன்றும் இயங்குகின்றது.