டுவின் பீக்ஸ்: அணங்கும் அறமும்

எண்வகை மெய்ப்பாடுகளை முறைப்படுத்திய தொல்காப்பியர், மருட்கையையும் அச்சத்தையும் அடுத்தடுத்து நிறுத்தினார். மருட்கை புதுமை முதலிய நான்கினால் பிறக்கும் என்றும், அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினால் பிறக்கும் என்றும் அவர் வகுத்தார். அணங்கும் கள்வரும் ஒரே நிரலில் நிற்பது நோக்கத்தக்கது. கண்ணுக்குப் புலனாகாத தெய்வமும், இருளில் கத்தியுடன் வரும் மனிதனும் நம்மை ஒருபடித்தாகவே நடுங்கச் செய்கின்றனர். ஆயினும் நடுக்கம் தீர்ந்தபின் இருவரிடத்தும் நாம் கொள்ளும் மனநிலை வேறு. கள்வனை முறைமன்றத்தில் நிறுத்துகிறோம். அணங்கை நிறுத்த மன்றம் இல்லை. பேயும் மறைபொருளும் கலந்த கதைகள் பெரும்பாலும் இடறி விழும் இடம் இதுவே. கொலை செய்தவன் மனிதன் என்று முடித்தால் பேய் பொய்யாகிறது. பேய் என்று முடித்தால் மனிதன் தப்பிவிடுகிறான்.

இவ்விடர்ப்பாட்டை முழு வடிவில் காண விழைவோர்க்கு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராகிய ‘டுவின் பீக்ஸ்’ தக்க சான்றாகும். டேவிட் லிஞ்ச், மார்க் பிராஸ்ட் என்னும் இருவர் படைத்த இத்தொடர், ஏபிசி நிறுவனத்தின் வழியே 1990 ஏப்பிரல் 8ஆம் நாள் தொடங்கி, 1991 சூன் 10ஆம் நாள் 30 பகுதிகளோடு நின்றது. 1992இல் ஒரு திரைப்படமும், 2017இல் 18 பகுதிகளாக ஒரு தொடர்ச்சியும் இதன் வழிவந்தன. வாசிங்டன் மாநிலத்தின் மலைக்காட்டுச் சிற்றூர் ஒன்று கதைக்களம். லாரா பாமர் என்னும் பள்ளி மாணவியின் உடல் நெகிழித் தாளில் சுற்றப்பட்டு நீர்க்கரையில் கிடக்கிறது. நடுவண் புலனாய்வுத் துறையைச் சார்ந்த டேல் கூப்பர் கொலையாளியைத் தேடி அவ்வூர்க்கு வருகிறார். கதையின் தொடக்கம் இவ்வளவே.

இத்தொடரின் முதற்பெருஞ் சிறப்பு, இறந்தவளுக்காக அழுவதற்கு இடம் விட்டமையாகும். துப்பறியும் கதைகளில் பிணம் என்பது பெரும்பாலும் ஒரு கணக்கின் முதல் வரி. அதற்காக யாரும் அழுவதில்லை. அழுதாலும் ஆசிரியர் அதனை விரைவில் கடந்து விடுவார். இங்கோ, முதற்பகுதியின் பெரும்பங்கு அழுகைக்கே உரியது. மகளைக் காணாத தாய் கணவனைத் தொலைபேசியில் அழைக்கிறாள். அவள் பேசிக்கொண்டிருக்கையிலேயே காவல் தலைவர் ட்ரூமன் கணவனை நோக்கி வருகிறார். கணவன் கையினின்று பேசுகருவி நழுவித் தொங்க, அதன் வழியே தாயின் கதறல் கேட்கிறது. அவளிடம் யாரும் எதனையும் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் அறிந்துகொண்டாள். பள்ளியிலும் அவ்வாறே. வெறுமையாகக் கிடக்கும் ஓர் இருக்கையும், வெளியே அலறிக்கொண்டு ஓடும் ஒரு பெண்ணுமே தோழிக்குச் செய்தியை உணர்த்தி விடுகின்றன. தலைமையாசிரியரின் அறிவிப்பு அதன்பின்னரே வருகிறது. சொல்லாமற் சொல்லும் இத்திறம் இறைச்சிப் பொருளில் பழகிய தமிழ் மாணாக்கர்க்குப் புதிதன்று.

இரண்டாவது சிறப்பு, அச்சத்தை வீட்டினுள் வைத்தமையாகும். இடிந்த கோட்டையும் சுடுகாடும் இங்கே பேயின் உறைவிடங்கள் அல்ல. பாமர் வீட்டு மாடிப்படிக்கு மேலே சுழலும் மின்விசிறி ஒன்றைப் படப்பிடிப்புக் கருவி மீண்டும் மீண்டும் காட்டுகிறது. முதற்பார்வையில் அதற்குப் பொருள் இல்லை. கதை முழுதும் அறிந்தபின் அவ்விசிறியைப் பார்க்கவே மனம் கூசுகிறது. அப்படியின் மேலேதான் அப்பெண்ணின் அறை இருந்தது. ஆஞ்சலோ படலமென்டியின் இசையும் இவ்வச்சத்திற்குத் துணைநிற்கிறது. ‘பாப்’ என்னும் பேயுருவோ தற்செயலாய்த் தோன்றியது. காட்சி அமைப்பாளருள் ஒருவரான பிராங்க் சில்வாவின் உருவம் படப்பிடிப்பின்போது கண்ணாடியில் விழுந்துவிட, லிஞ்ச் அதனை நீக்காது பேயாகவே ஆக்கிக்கொண்டார். பிழையைப் பயனாக்கிக் கொள்ளும் இத்தகைய நற்பேறு எல்லாப் படைப்பாளர்க்கும் வாய்ப்பதில்லை.

இனிக் கதையின் உயிர்நிலையாகிய வினாவிற்கு வருவோம். லாராவைக் கொன்றவன் அவள் தந்தை லீலந்து. 1990 நவம்பர் 10ஆம் நாள் வெளிவந்த பகுதியில் இவ்வுண்மை வெளிப்படுகிறது. லீலந்து கண்ணாடியில் தன்னைப் பார்க்க, அங்கே பாப்பின் முகம் தெரிகிறது. லாராவின் உருவையே ஒத்த மேடி என்னும் உறவுப்பெண், ஊர்க்குத் திரும்பும் தறுவாயில், அவ்வீட்டின் முன்கூடத்திலேயே கொல்லப்படுகிறாள். (இருவராகவும் நடித்தவர் செரில் லீ என்பதால், பார்ப்போர்க்கு இது லாராவே இரண்டாம் முறை இறப்பது போன்றது.) தொலைக்காட்சியில் இதற்கு நிகரான கொடுங்காட்சிகள் சிலவே. பெண்ணொருத்தியின் சாவை மறைபொருளாக வைத்து நம் ஆர்வத்தை ஏழு திங்கள் வளர்த்த ஆசிரியர்கள், சாவு என்பது யாது என்று இங்கே முகத்துக்கு நேரே காட்டுகின்றனர்.

ஆனால் லீலந்து சாகும் இடத்தில் தொடர் தன் துணிவை ஓரளவு இழக்கிறது. சிறுவனாய் இருந்தபோதே பாப் தன்னுட் புகுந்ததாகவும், தான் செய்தவை தனக்கே தெரியாமல் இருந்ததாகவும் கூறி அவன் அழுகிறான். கூப்பர் அவனைத் தாங்கி ஆறுதல் கூறுகிறார். நடித்த ரே வைசின் திறத்தால் நாமும் கலங்குகிறோம். கலக்கம் தணிந்தபின் எழும் வினா கடுமையானது: நீண்ட காலம் மகளைக் கெடுத்துக் கொன்றவனுக்குப் பேய் ஒரு வழக்கறிஞராகிவிடவில்லையா? இவ்வினாவை ஆசிரியர்களும் உணர்ந்திருந்தனர். அடுத்த காட்சியில், பேயை நம்ப இயலாது என்பவரை நோக்கி, தந்தையே இதனைச் செய்தான் என நம்புவது மட்டும் எளிதோ என்னும் பொருள்படக் கூப்பர் வினவுகிறார். மனிதர் செய்யும் தீமைக்கே பாப் என்பது பெயராகலாம் என்று ஆல்பர்ட் கருதுகிறார். நல்ல உரையாடல்தான். எனினும் காட்சி தந்த இரக்கத்தை ஒரு காட்டுவழிப் பேச்சு திருத்திவிட இயலாது.

சிலப்பதிகாரத்தை இங்கு நினைவு கூர்தல் பொருந்தும். மதுராபதித் தெய்வம் கண்ணகியின்முன் தோன்றி, கோவலன் முற்பிறப்பில் கலிங்க நாட்டில் சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்த வரலாற்றைச் சொல்கிறது. கொலைக்கு மானிட அறிவுக்கு எட்டாத காரணம் ஒன்று உண்டு என்பது அதனால் விளங்குகிறது. ஆயினும் அத்தெய்வம் பேசுமுன்னரே பாண்டியன் தன் குற்றத்தை ஏற்று உயிர் துறந்துவிட்டான். ஊழ் என்னும் விளக்கம் அவனுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் அவன் அதனைக் கேடயமாகக் கொண்டிருக்க மாட்டான் என்றே நமக்குத் தோன்றும்படி இளங்கோவடிகள் அமைத்துள்ளார். முதலில் மனிதனின் பொறுப்பு, பின்னர்த் தெய்வத்தின் விளக்கம் என்பது அவர் கொண்ட வைப்புமுறை. டுவின் பீக்ஸில் விளக்கம் முந்திக்கொண்டது; பொறுப்பு அதன் நிழலில் மறைந்தது. குறை அணங்கைக் கொணர்ந்ததில் அன்று. அது வந்த இடத்தில் உள்ளது.

இக்குறையை 1992ஆம் ஆண்டுத் திரைப்படம் பெருமளவு தீர்த்தது என்பது என் துணிபு. அதில் லாரா பிணம் அல்லள். தன் இறுதி நாட்களை வாழ்கிறாள். பாப்பின் முகத்துக்குப் பின்னே தந்தையின் முகத்தைத் தானே கண்டுகொள்கிறாள். உணவு மேசையில் மகளின் கைந்நகத்தைப் பற்றி அதட்டும் லீலந்திடம் எந்தப் பேயும் தேவைப்படவில்லை. படம் வந்த நாளில் அமெரிக்கத் திறனாய்வாளர் பலர் அதனை இகழ்ந்தனர். பின்னாளில் அம்மதிப்பு பெரிதும் மாறியது. தொடரின் நகைச்சுவையையும் காப்பிக் கோப்பையையும் எதிர்பார்த்துச் சென்றவர்களுக்கு அது கசந்ததில் வியப்பில்லை.

தொடரின் பிற குறைகளை நெடிது பேச வேண்டியதில்லை. மறைபொருளை வெளியிட லிஞ்ச் விரும்பவில்லை என்பதும், நிறுவனத்தாரின் வற்புறுத்தலால் அது வெளியிடப்பட்டது என்பதும் பலரறிந்தவை. வெளியிட்டபின் கதை நடுவே தளர்ந்தது. ஜேம்ஸ் என்னும் இளைஞன் வேற்றூர்ச் செல்வப்பெண்ணிடம் சிக்கும் கிளைக்கதை எதனோடும் ஒட்டாதது. விண்டம் ஏர்ல் என்னும் சதுரங்கப் பகைவன் பேச்சளவில் அஞ்சத்தக்கவன், செயலில் வேடிக்கையானவன். வெள்ளைக்காரப் பெண்ணாகிய கேத்தரின் சப்பானிய வணிகனாக வேடம் புனைந்து வருவது இன்று நகைக்கவும் இயலாத இழிசுவை. காட்டிலுள்ள ‘வெள்ளை லாட்ஜ்’, ‘கருப்பு லாட்ஜ்’ என்பவற்றைப் பழங்குடி மரபினராகிய ஹாக் தம் முன்னோர் கதையாகக் கூறுகிறார். வெள்ளை லாட்ஜ் என்னும் பெயரோ பிரம்மஞான சபையாரின் எழுத்துகளில் வழங்குவது. நம் அடையாற்றில் தலைமையகம் கொண்ட அச்சபையின் சொல்லை அமெரிக்கப் பழங்குடியின் வாயில் வைத்தது, கடன் பெற்ற பொருளைப் பிறர் வீட்டுப் பரணில் மறைத்தது போன்றது.

2017ஆம் ஆண்டுத் தொடர்ச்சியைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதன் எட்டாம் பகுதி, 1945 சூலை 16இல் நியூ மெக்சிகோவில் நிகழ்ந்த அணுகுண்டு ஆய்வில் பாப்பின் தோற்றத்தைக் காட்டுகிறது. காட்சியளவில் அது ஒப்பற்றது. கருத்தளவில் நான் ஐயுறுகிறேன். ஒரு வீட்டின் மாடிப்படியில் நின்ற தீமையை உலகளாவியதாக்கும்போது, அவ்வீட்டுத் தலைவன் மீண்டும் ஒருமுறை சிறியவனாகி விடுகிறான். ஆயினும் இறுதிப் பகுதி இதனை ஈடுசெய்கிறது. லாராவைச் சாவினின்று மீட்கலாம் என்று காலத்தையே புரட்டிய கூப்பர், டெக்சாசில் கண்ட ஒரு பெண்ணை லாரா எனக் கருதிப் பழைய வீட்டுக்கு அழைத்து வருகிறார். அங்கே அயலார் ஒருவர் குடியிருக்கிறார். செய்வதறியாது தெருவில் நின்று, இது எந்த ஆண்டு என்று வினவுகிறார். அப்போது வீட்டினுள்ளிருந்து லாராவைப் பெயர்சொல்லி அழைக்கும் தாயின் குரல் மெல்லக் கேட்கிறது. முதற்பகுதியின் காலையில், மகள் அறையில் இல்லை என்றறியாமல் கீழிருந்து அவள் அழைத்த அதே குரல். அப்பெண் அலறுகிறாள், வீட்டு விளக்குகள் அணைகின்றன. கொலையாளியின் பெயரை நாம் அறிந்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.