பொன்முடியார் பகுத்த கடன்

மக்களை நன்னெறிப்படுத்தும் பொறுப்பு யாருடையது என்னும் வினா எழுமிடந்தோறும் தமிழறிஞர் எடுத்துக்காட்டுவது புறநானூற்று 312ஆம் பாடலாகும். மூதின்முல்லைத் துறையில் அமைந்த அப்பாடலில் பொன்முடியார், பெற்று வளர்த்தலைத் தாய்க்கும், சான்றோன் ஆக்குதலைத் தந்தைக்கும், வேல் வடித்தலைக் கொல்லற்கும், களிறு எறிந்து மீளுதலைக் காளைக்கும் கடனாகப் பகுத்துள்ளார். வேந்தன் கடனில்தான் பாட வேறுபாடு உளது. 'நன்னடை' என்பது ஒரு பாடம். 'தண்ணடை' என்பது மற்றொன்று.

இவ்வேறுபாடு சிறிதன்று. முன்னதைக் கொள்ளின், ஒழுக்கம் நல்குதல் அரசின் கடனாகும். பின்னதைக் கொள்ளின், வீரனுக்கு மருதநிலத்து ஊரைக் கொடையாக வழங்குதலே அரசின் கடனாகும். புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாடலளவில் நின்றுவிடுதலின், ஈண்டு உரைத்துணையும் இல்லை. பாடலின் அமைப்பும் புறத்துறை வழக்குமே நமக்குச் சான்று.

சான்றோன் ஆக்குதலைத் தந்தைக்கு உரிமையாக்கிய புலவர், அடுத்து ஒழுக்கத்தை வேந்தற்கும் பகுத்தளித்தார் எனின் கூறியது கூறலாகும். வேல் வடித்தலுக்கும் போர்க்களத்துக்கும் இடையே நிற்கும் வேந்தன் செயல் போர் பற்றியதாதலே முறை. 287ஆம் பாடலும் தண்ணடையை வீரன் பெறும் கொடையாகவே குறிக்கின்றது. ஆதலின் 'தண்ணடை' என்னும் பாடமே பொருந்துவதாம். ஒழுக்கக் கல்வியை அரசின்மேல் ஏற்றுவார்க்கு இப்பாடல் உறுதியான சான்றாகாது.

இனி, இப்பகுப்பில் ஆசிரியர்க்கு இடமில்லை என்பதும் கருதத்தக்கது. அவ்விடத்தைப் பிற்காலத்தே நிரப்பியவருள் சமணச் சான்றோர் தலையாயவர். அனந்தபுரத்தை உள்ளிட்ட செஞ்சி வட்டாரம் அவர்தம் பழைய நிலைக்களன். ஆங்குள்ள திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைத் தொன்மையான கல்வெட்டொன்று அறிவிக்கின்றது. அவர் கற்பித்த நூல் இன்னதென அக்கல் கூறவில்லை. அவர் நோற்ற நோன்பையே கூறுகின்றது. துறவோர் உறையுளைச் சுட்டிய 'பள்ளி' என்னும் சொல் கல்விச்சாலைக்குப் பெயராயிற்று. நடந்து காட்டியவனே கற்பிக்கத் தக்கவன் என்னும் கருத்து அச்சொல்லின் வரலாற்றில் அடங்கியுள்ளது எனலாம்.

இன்று மாணவன் நெறி பிறழ்ந்தால் பெற்றோர் பள்ளியைச் சுட்டுகின்றனர். ஆசிரியர் வீட்டைச் சுட்டுகின்றனர். இருவரும் அரசைச் சுட்டுகின்றனர். பொன்முடியார் பாட்டிலும் ஒருத்தி பிறர் கடனைச் சுட்டத்தான் செய்கின்றாள். ஆயினும் அவள் தன் கடனையே முதற்கண் வைத்தாள். அவ்வரிசைமுறையே அவளுக்குப் பிறர் கடனைக் கூறும் தகுதியை அளித்தது. பாடம் எதுவாயினும் இம்முறையில் ஐயமில்லை.