கடன் பலகையும் ஆட்டுப்பட்டியும்: குழந்தை உரிமைக் கல்வி நோக்கில் ‘இக்பால்’, ‘கூளமாதாரி’ நாவல்கள்

ஆய்வுச்சுருக்கம்

வறுமை, மனித உரிமை, குழந்தை நலம் ஆகியவற்றை இளையோர்க்குக் கற்பிக்கும் கருவியாகப் புனைகதை உலகெங்கும் பயன்படுத்தப்படுகிறது. அத்தகைய புனைகதை, வாசிக்கும் இளையோரை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. இத்தாலிய எழுத்தாளர் பிரான்செஸ்கோ தாதாமோவின் ‘இக்பால்’, பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ ஆகிய இரு நாவல்களும் இந்நோக்கில் ஒப்பிடப்படுகின்றன. முன்னது வாசகரை மீட்பவராகவும், பின்னது பயன்பெற்றவராகவும் நிறுத்துகின்றன என்பதும், தமிழகக் கல்லூரி வகுப்பறையில் இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவது வாசகர் ஒருவர் இருக்கிறார் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குழந்தை உரிமை, கொத்தடிமை, இளையோர் இலக்கியம், வாசகர் நிலை, கூளமாதாரி, இக்பால்

முன்னுரை

ஐக்கிய நாடுகள் அவை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில், அதிகம் பேசப்படாத உறுப்பு ஒன்று உண்டு. உடன்படிக்கையின் கொள்கைகளைப் பெரியவர்களும் குழந்தைகளும் ஒருசேர அறியும்படி செய்வதை 42ஆம் உறுப்பு அரசுகளின் கடமையாக்குகிறது. உரிமையை வழங்குவதோடு, அவ்வுரிமை உண்டு என்பதை உரியவருக்கே அறிவிக்கவும் வேண்டும் என்பது இதன் பொருள். 2011ஆம் ஆண்டின் மனித உரிமைக் கல்வி, பயிற்சி குறித்த ஐ.நா. பிரகடனம் இக்கருத்தை விரித்து, உரிமைகளைப் பற்றிய கல்வி, உரிமைகளின் வழியான கல்வி, உரிமைகளுக்கான கல்வி என மூவகைப்படுத்துகிறது.

நம் பாடத்திட்டங்களில் முதல் வகை ஓரளவு இடம்பெற்றுள்ளது. சட்டங்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். மற்ற இரு வகைகளுக்கும் இலக்கிய வகுப்பே உரிய இடம் எனக் கருதப்படுகிறது. கதையைப் படித்தால் இரக்கம் பிறக்கும், இரக்கம் செயலாகும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இவ்வெதிர்பார்ப்பு எந்த அளவுக்குச் சரியானது என்பதை, குழந்தை உழைப்பை மையமாகக் கொண்ட இரு நாவல்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இக்பால்: எண்ணக்கூடிய கடன்

இக்பால் மஸீஹ், பாகிஸ்தானின் லாகூருக்கு அருகிலுள்ள முரீத்கேயில் பிறந்த சிறுவன். குடும்பம் பெற்ற சிறு கடனுக்கு ஈடாக நான்கு வயதில் கம்பளப் பட்டறையில் சேர்க்கப்பட்டான். பாகிஸ்தான் 1992இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. கொத்தடிமை விடுதலை முன்னணியின் துணையோடு பட்டறையிலிருந்து வெளியேறிய இக்பால், பிற சிறுவர்களின் விடுதலைக்காகப் பேசினான்; சுவீடனுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றான். 1995 ஏப்ரல் 16 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது அவனுக்கு வயது ஏறத்தாழ 12.

இவ்வாழ்க்கையைத் தழுவி 2001இல் இத்தாலிய மொழியில் வெளிவந்த தாதாமோவின் நாவல், பாத்திமா என்னும் கற்பனைச் சிறுமியின் கூற்றாக அமைந்தது. பட்டறைச் சிறுவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பலகை உண்டு. கடன் அதில் கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒழுங்காக வேலை முடிந்த நாளில் முதலாளி ஒரு கோட்டை அழிப்பார். பாத்திமாவுக்கு எழுத்தறிவு இல்லை. ஆயினும் தன் பலகையை அவளால் அடையாளம் காண முடியும். என்றேனும் ஒருநாள் அது துடைத்துத் தூய்மையாகும் என அவள் நம்புகிறாள். புதிதாக வந்த இக்பால், அக்கடன் ஒருபோதும் தீராது என்று கூறுகிறான். நாவலின் திருப்பம் இக்கூற்றில்தான் உள்ளது.

அடியும் பசியும் இருட்டறையும் குழந்தை உழைப்பைப் பற்றிய பெரும்பாலான கதைகளில் வருவன. அவற்றுக்கு அடியில் இயங்கும் கணக்கை ஓர் எளிய பொருளின் வழி இளம் வாசகருக்குக் காட்டுவது இந்நாவலின் தனிச்சிறப்பு. முதலாளி கொடியவர் என்பதைவிட, அவர் நல்லவராக இருந்தாலும் கடன் தீராது என்பதே வாசகர் அறிய வேண்டியது. கணக்கை எழுதுபவரும் அழிப்பவரும் ஒருவரே. கொத்தடிமை முறையின் இலக்கணத்தை இதனினும் சுருக்கமாகக் கற்பிப்பது அரிது.

இரண்டாவது சிறப்பு, உரிமைக் கல்வி பட்டறைக்குள்ளேயே நிகழ்வதாகும். தப்பிச் சென்று சந்தையில் விடுதலை முன்னணியினரின் பேச்சைக் கேட்ட இக்பால், அவர்களது துண்டறிக்கையோடு மீண்டும் பட்டறைக்குள் அகப்படுகிறான். அதை வாசிக்கச் சிறுவர்களால் இயலவில்லை. பேசவே தெரியாதவள் என எல்லோரும் எண்ணியிருந்த மரியா என்னும் சிறுமிதான் அதை வாசிக்கிறாள். பின்னர் மற்றவர்களுக்கும் எழுத்துக் கற்பிக்கிறாள். 42ஆம் உறுப்பு கோருவது இதையே. உரிமை பற்றிய தாள், அது யாரைக் குறித்து எழுதப்பட்டதோ அவர்கள் கையிலேயே வாசிக்கப்படுகிறது.

மீட்பவர் என்னும் வாசகர் நிலை

எனினும் நாவலின் பிற்பகுதி வேறு திசையில் செல்கிறது. பட்டறைக்குள் தொடங்கிய கூட்டு எழுத்தறிவு பின்தங்கி, இக்பால் என்னும் தனி வீரனும் வெளியிலிருந்து வரும் விடுதலையும் முன்னிற்கின்றன. தன் வயதையொத்த ஒருவனின் துணிவு இளம் வாசகருக்கு ஊக்கம் தரும் என்பதில் ஐயமில்லை. இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. இக்பாலின் மரணச் செய்தியை 1995இல் நாளிதழில் படித்த கனடா நாட்டுச் சிறுவர் கிரெய்க் கீல்பர்கர், தமது 12ஆம் வயதில் குழந்தை உழைப்புக்கு எதிரான அமைப்பொன்றைத் தொடங்கினார்.

இவ்வூக்கத்தின் மதிப்பைக் குறைத்துக் கூறுவது கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் இத்தகைய வாசிப்பில் வறுமை எப்போதும் வேறு நாட்டில் இருக்கிறது. வாசிப்பவர் உதவி செய்யக்கூடிய இடத்தில் இருக்கிறார். தெற்காசியாவில் நெய்யப்பட்ட கம்பளங்கள் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளுக்கு ஏற்றுமதியாயின என்பது அறிந்ததே. அப்படியாயின் வாசகரின் வீட்டுத் தரைக்கும் பாத்திமாவின் தறிக்கும் இடையே உள்ள உறவு என்ன? கடனின் கணக்கை அவ்வளவு தெளிவாகக் காட்டிய நாவல், கம்பளத்தின் விலைக் கணக்கை அதே தெளிவோடு தொடரவில்லை. எனவே வாசகர் மீட்பவராகவே எஞ்சுகிறார். பயன்பெற்றவராகத் தம்மைக் காண வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை.

கூளமாதாரி: எழுதப்படாத கணக்கு

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) இளையோர்க்கென எழுதப்பட்ட நாவல் அன்று. ஆயினும் அதன் முதன்மை மாந்தர் சிறுவர்களே. கொங்கு வட்டார மேட்டுக்காட்டில், கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் சமூகச் சிறுவன் கூளையன். நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி ஆகியோர் அவனோடு மேய்ச்சலில் இருக்கும் மற்றப் பண்ணையத்துப் பிள்ளைகள்.

இப்பெயர்களே நாவலின் முதற் சான்று. உயரம், வயிறு, காது, கால் என உடலைச் சுட்டியே இச்சிறுவர்கள் அழைக்கப்படுகின்றனர். பண்ணையக்காரரின் மகனுக்கோ செல்வன் என்று பெயர். அச்சொல் மகனையும் குறிக்கும். செல்வம் உடையவனையும் குறிக்கும். குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆம் உறுப்பு, பெயர் பெறுவதைக் குழந்தையின் உரிமையாகக் கூறுகிறது. அவ்வுரிமையின் பொருள் என்ன என்பதை எந்த விளக்கவுரையும் இன்றி இப்பெயர் வரிசை உணர்த்திவிடுகிறது.

‘இக்பால்’ நாவலில் உள்ளது போன்ற பலகை இங்கு இல்லை. கூளையனின் உழைப்பு பெற்றோருக்கும் பண்ணையக்காரருக்கும் இடையிலான ஏற்பாடு. அவனுக்குக் கிடைப்பது சோறும் பட்டியில் படுக்க இடமும். அழிப்பதற்குக் கோடுகள் இல்லாததால், தீரும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. சாதியே கணக்கேடாக நிற்கும் ஓர் ஏற்பாட்டில், கடன் இவ்வளவு என்று எழுதிவைக்க வேண்டிய தேவை எழுவதில்லை.

இந்நாவலை உரிமைக் கல்விக்கு இன்றியமையாததாக்குவது கூளையனுக்கும் செல்வனுக்கும் இடையிலான உறவு. இருவரும் ஒன்றாக விளையாடுகின்றனர். இரவில் ஆட்டுப்பட்டியில் ஒன்றாகக் காவல் இருக்கின்றனர். அந்த நட்பு பொய்யன்று. ஆயினும் வேண்டும் கணத்தில் செல்வன் பண்ணையக்காரரின் மகனாகிவிட முடியும். கூளையன் ஆளாகிவிட வேண்டும். செல்வன் பள்ளிக்குச் செல்பவன். அவன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அவன் வீட்டு ஆடுகளை மேய்ப்பவன் கூளையன். ஒரு குழந்தையின் கல்வி மற்றொரு குழந்தையின் உழைப்பின் மேல் நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது. பள்ளிக்குச் சென்று கொண்டிருக்கும் இளம் வாசகர், தம்மைச் செல்வனோடு வைத்துப் பார்க்காமல் இந்நாவலை வாசித்து முடிக்க முடியாது. நாவல் கிணற்றில் நிகழும் துயரத்தில் முடிகிறது. வெளியிலிருந்து மீட்பவர் எவரும் வருவதில்லை.

சட்டத்தின் பார்வைக்குள் வராத உழைப்பு

இவ்விரு நாவல்களின் வேறுபாடு கலை வேறுபாடு மட்டுமன்று. இந்தியாவின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் இயற்றப்பட்டபோது, தடைசெய்யப்பட்ட தொழில்களின் பட்டியலில் கம்பள நெசவு, தீப்பெட்டி, பட்டாசு, பீடி ஆகியவை இருந்தன. வேளாண்மையும் கால்நடை மேய்ப்பும் பொதுவாக அதில் இடம்பெறவில்லை. 1992இல் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இணைந்தபோதும், பொருளாதாரச் சுரண்டலிலிருந்து பாதுகாப்பளிக்கும் 32ஆம் உறுப்பைப் படிப்படியாகவே நிறைவேற்ற இயலும் என இந்தியா அறிவித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தமே 14 வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலும் பணியமர்த்தத் தடை விதித்தது. அப்போதும் பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு அளிக்கப்பட்டது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2020இல் உலகில் குழந்தைத் தொழிலாளர் 16 கோடிப் பேர். அவர்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வேளாண் துறையில் இருந்தனர். எண்ணிக்கையில் பார்த்தால், உலகக் குழந்தைத் தொழிலாளரின் பொது முகம் தறியின் முன் அமர்ந்த இக்பால் அல்லன். ஆட்டின் பின் நடக்கும் கூளையனே. பட்டறைக்கு வாயில் உண்டு, பூட்டு உண்டு, உரிமையாளர் பெயர் உண்டு. அதனால் அது சட்டத்துக்கும் செய்திக்கும் எளிதில் புலப்படுகிறது. மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் சிறுவனைக் காண்பவர் அதை உழைப்பு என்றே கருதுவதில்லை. கிராமத்துக் காட்சி என்று கடந்துவிடுகிறார்.

இவ்விடத்தில் ‘கூளமாதாரி’ வாசிப்பில் உள்ள ஓர் இடரையும் குறிப்பிட வேண்டும். மேய்ச்சல் நில வாழ்வு, விளையாட்டுகள், வட்டாரச் சொற்கள் ஆகியவற்றின் செழுமையிலேயே கவனம் தங்கிவிட்டால், இந்நாவல் இழந்துபோன கிராமத்தைப் பற்றிய ஏக்கமாகச் சுருங்கும். உரிமை என்னும் சொல்லை நாவல் எங்கும் முன்வைக்காததால், அச்சொல்லை வாசிப்பே கொண்டுவர வேண்டியுள்ளது. ‘இக்பால்’ இங்குத் துணையாகிறது. ‘இந்தக் கடன் எப்போது தீரும்?’ என்ற வினாவை அங்கிருந்து எடுத்துவந்து கூளையனின் பட்டியில் கேட்க வேண்டும். ‘இதில் என் இடம் எது?’ என்ற வினாவைக் ‘கூளமாதாரி’யிலிருந்து எடுத்துச்சென்று கம்பளத்தின் முன் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்த வாசிப்பே முழுமையானது.

மூன்றாவது வாசகர்

இதுவரை கூறியவை, வாசகர் வசதியுள்ளவர் என்ற கருத்தின் மேல் அமைந்தவை. வறுமை பற்றிய உலகக் கல்வி நூல்கள் பெரும்பாலும் இக்கருத்திலேயே எழுதப்படுகின்றன. தமிழகத்தின் அரசுக் கல்லூரி வகுப்பறைக்கு இது பொருந்தாது. அங்கு முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பெரும் எண்ணிக்கையில் அமர்ந்திருக்கின்றனர். செல்வனின் பெயரர் ஒரு வரிசையிலும் கூளையனின் பெயர்த்தி அடுத்த வரிசையிலும் இருக்கக்கூடும். விடுமுறையில் வேலைக்குச் சென்று கட்டணம் செலுத்தியவரும் அங்கு இருப்பார்.

இம்மூன்றாவது வாசகருக்கு ‘வறியவர் மீது இரக்கம் கொள்க’ என்னும் பாடம் எதைக் கற்பிக்கும்? தம் பாட்டனார் பிறருடைய இரக்கத்திற்கான பாடப்பொருள் என்பதையே கற்பிக்கும். அதற்கு மாறாக, ‘உங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று அவரை எழுப்பிப் பேசச் செய்வதும் ஏற்புடையதன்று. 16ஆம் உறுப்பு பாதுகாக்கும் அந்தரங்கம் குழந்தைத் தொழிலாளருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரியது. பேசுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

எனவே வகுப்பறை வாசிப்பு உணர்ச்சியிலிருந்து தொடங்காமல் கணக்கிலிருந்து தொடங்கலாம் என இக்கட்டுரை முன்மொழிகிறது. நாவலில் ஒப்பந்தத்தைப் பேசியவர் யார், கூலி யார் கைக்குச் சென்றது, யாருடைய நேரம் யாருக்குப் படிப்பதற்கான நேரமாயிற்று, எந்தச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது, அது ஏன் அக்குழந்தையை எட்டவில்லை என்னும் வினாக்களை எல்லா மாணவரிடமும் ஒரே விதமாகக் கேட்கலாம். இவ்வினாக்களுக்கு விடை தேடுவதில் செல்வனின் பெயரர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை. கூளையனின் பெயர்த்தி காட்சிப்பொருளாவதும் இல்லை. இருவரும் ஒரே பலகையை வாசிக்கின்றனர்.

முடிவுரை

இளையோர்க்கு வறுமையையும் உரிமையையும் கற்பிக்கும் நூலை மதிப்பிட, அது எவ்வளவு இரக்கத்தை எழுப்புகிறது என்பது போதிய அளவுகோல் அன்று. வாசகரை எந்த இடத்தில் நிறுத்துகிறது, அந்த இடத்திலிருந்து எந்தக் கணக்கைக் காட்டுகிறது என்பவையும் ஆராயப்பட வேண்டும். ‘இக்பால்’ கடனின் கணக்கைக் காட்டி, வாசகரை மீட்பவராக நிறுத்துகிறது. ‘கூளமாதாரி’ கணக்கை எழுதாமல், வாசகரைப் பயன்பெற்றவரின் அருகில் நிறுத்துகிறது. இரண்டையும் இணைத்து வாசிக்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

‘இக்பால்’ நாவலில் துண்டறிக்கையை வாசித்தவள், பேசமாட்டாள் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்த சிறுமி. நம் வகுப்பறைகளிலும் பின்வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கும் மாணவர் உண்டு. குழந்தை உரிமை பற்றிய பாடத்தை நாம் யாரை எண்ணி நடத்துகிறோம் என்பதை அவரை நினைவிற்கொண்டு மீளாய்வு செய்வது, தமிழ் இலக்கியம் கற்பிப்போரின் உடனடிக் கடமையாகும்.